பத்துக்கு எத்தனை

கோயமுத்தூர்ப் பக்கத்து மரியாதையைப் பற்றி ஊர் உலகமெல்லாம் பேசுகிறது. மூன்று வயசுக் குழந்தையைக்கூட "சாப்புடுங்க கண்ணு" என்றுதான் கொஞ்சுவார்கள். வழி கேட்டால் ஒரு வாக்கியத்துக்கு நாலு "ங்க" போட்டுச் சொல்லிவிட்டு, கூடவே கொஞ்ச தூரம் வந்தும் காட்டுவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த "ங்க" யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று உள்ளுக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. மாசாணியம்மாளைக் கேட்டால் சொல்வார். நாற்பத்தேழு வயசு ஆகிறது. அவரை "ங்க" போட்டுக் கூப்பிட்ட தோட்டக்காரர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். இந்தக் கதையில் அவர் "அவர்"தான். யாருக்காவது உறுத்தினால் உறுத்திக்கொண்டு போகட்டும்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரம் போகிற வழியில் ஒரு காலனியில் அவருக்கு வீடு. பன்னிரண்டு வயசில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அம்மாவோடு பெரிய தோட்டத்துக்குச் சின்ன வெங்காயக் களையெடுக்கப் போனார். அங்கே அம்மா யாரிடம் பேசினாலும் "சரிங்க சாமி" என்றுதான் பேசுவாள். பத்து வயசுப் பையன் வந்து நின்றாலும் சாமிதான். மாசாணியம்மாளுக்கு அப்போதே அது பிடிக்காது. கல்யாணமாகி, கணவர் இறந்து, மகள் மௌனிகாவைப் படிக்கவைத்து, தானே ஆள்காரியானது எல்லாம் பிற்பாடு நடந்தது. ஆள்காரி என்றால் வேலைக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர். பதினெட்டுப் பெண்கள் அவர் சொன்னால் வேனில் ஏறுவார்கள். எந்தத் தோட்டத்தில் தக்காளி பழுத்திருக்கிறது, எங்கே தேங்காய் பொறுக்க வேண்டும், எத்தனை பேர் போதும், எல்லாம் அவர் மண்டைக்குள் இருக்கும். இன்றைக்கு இந்தப் பக்கத்தில் வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் வெடியால ஐந்து மணிக்கே அவர் போன் அலறத் தொடங்கிவிடும். ஆனால் அவசரத்துக்குக் கூப்பிடுகிற பெரிய தோட்டத்துக்காரர்கள்கூட "மாசாணி, நாளைக்கு ஆறு பேரைக் கூட்டிட்டு வா" என்பதோடு சரி.

வேனுக்கு முன்னால் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்துவர ஒரு பழைய மொபெட் வைத்திருந்தார். போன தையில் ஒரு நாள் விடிகிற நேரத்தில் தென்னந்தோப்பு வளைவில் யானை நின்றது. மொபெட்டைத் திருப்பினார். அது இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துபோனது. யானை என்னவோ பக்கத்துத் தோட்டத்து வாழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மாசாணியம்மாளுக்கு மட்டும் ஈரக்குலை நடுங்கிப்போயிற்று.

"ஸ்கூட்டி எடுத்துக்கம்மா, லகுவா இருக்கும்" என்றாள் மௌனிகா.

"உன்ற ஸ்கூட்டி சேத்துல எறங்கி ஏறுமா? கியர் வண்டிதான். யானைகிட்ட சிக்காம ஓடியாரோணுமல்லோ."

நாற்பத்தேழு வயசில் போய் கியர் பழகினார். எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினார். புடவைக்கு மேலே கணவருடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பிரேக் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் காலை ஊன்றாமல் எட்டுப் போட்ட அழகைக் காலனியில் இன்னமும் பேசுகிறார்கள்.

கோயமுத்தூருக்குப் போகிற சாலையில் இருக்கிற ஒரு பெரிய ஷோரூமுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவும் மகளும் போனார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் பிரீத்திகா என்கிற விற்பனைப் பெண் ஓடி வந்தாள். "வாங்கம்மா, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா, காப்பி சொல்லட்டுங்களா?" மாசாணியம்மாள் உட்கார்ந்தார். மெத்தென்று இருந்தது நாற்காலி. வண்டி யாருக்கு என்று பிரீத்திகா ஒரு முறைதான் கேட்டாள். "எனக்குத்தான் அம்மணி" என்றதும் கண்ணை அகலவிரித்துவிட்டு, "சூப்பருங்கம்மா" என்று நிஜமாகவே சந்தோசப்பட்டாள். சிவப்பு நிற வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தாள். மாசாணியம்மாள் பெட்ரோல் பங்க் வரைக்கும் போய் ஒரு சுற்று சுற்றி வந்தார். வந்து இறங்கும்போது முகமெல்லாம் பல்.

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, பிரீத்திகா கொண்டுவந்த காகிதத்தில் பேர் எழுதப் போனபோது உள் அறையிலிருந்து மேனேஜர் வந்தார். நிதீஷ். இருபத்தெட்டு வயசு, இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. மாசாணியம்மாள் சின்ன வயசில் களையெடுத்த அந்தப் பெரிய தோட்டத்து வீட்டுப் பேரன். அவன் தவழ்ந்த காலத்தில் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெங்காயக் காடு முழுக்கச் சுற்றியவர் மாசாணியம்மாள்.

"அட, மாசாணி! நீ எங்க இங்க?" என்றான் சத்தமாக. பதில் வருவதற்குள் கையைக் காட்டினான். "அந்தச் சேரு கஸ்டமருக்கு. எந்திரிச்சு அக்கட்டால நில்லு."

மாசாணியம்மாள் எழுந்துவிட்டார்.

அதுதான் அவரைக் கொன்றது. அவன் சொன்னது பெரிதில்லை, சொல்லத்தான் செய்வான், அந்த வீட்டு வளர்ப்பு. ஆனால் தன் கால் தன்னைக் கேட்காமல் எழுந்ததே! அதோடு போயிற்றா? அம்மா செத்த பிறகு முப்பது வருசமாக வாயில் வராத அந்தச் சொல், அத்தனை பேருக்கு நடுவில், நெய்யில் வழுக்கினது மாதிரி வாயிலிருந்து வந்து விழுந்தது.

"சரிங்க சாமி."

"சார், இவங்கதானுங்க கஸ்டமர். இவங்களுக்குத்தான் வண்டி" என்றாள் பிரீத்திகா பதறிப்போய்.

நிதீஷ் சிரித்தான். "இவளா ஓட்டப்போறா? சரி சரி, நல்லா பாத்து எடுத்துக்க மாசாணி." அவ்வளவுதான். உட்கார் என்று சொல்லவில்லை. போய்விட்டான். ஷோரூமில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். ஒருத்தராவது பார்க்காமல் இருந்திருக்கக் கூடாதா? எல்லோரும் பார்த்தார்கள். மாசாணியம்மாள் நின்றுகொண்டே எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். பிரீத்திகா இரண்டு முறை உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

வெளியே வந்ததும் மௌனிகா பொரிந்து தள்ளினாள். "வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கலாமல்லம்மா? வேற கடையே இல்லையா?"

"வண்டி என்ன பாவம் பண்ணுச்சு? அந்தப் புள்ளதான் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் மாசாணியம்மாள். பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரைக்கும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

விசயம் காலனிக்குப் போனதும் கூட்டுக்காரப் பெண்கள் கொதித்துப்போனார்கள். அவங்க தோட்டத்துக்கு இனி ஒருத்தியும் போகக் கூடாது, தக்காளி செடியிலேயே அழுகட்டும் என்றார்கள். மாசாணியம்மாள் ஒரே போடாகப் போட்டார். "நீங்க பதினெட்டுப் பேரும் வயித்துல ஈரத்துணியப் போட்டுக்கறதுக்கா? சொன்னவன் அவன். கேட்டுட்டு எந்திரிச்சவ நானு. இது எங்க ரெண்டு பேருக்குள்ள." பெரிய தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை அவர் ஒரு நாளும் நிறுத்தவில்லை. ஆனால் எப்படி, எந்த இடத்தில் அடிக்கலாம் என்று நடவில் நிற்கும்போதும் சோறு உண்ணும்போதும் யோசித்துக்கொண்டே இருந்தார். அவன் வாயிலிருந்து ஒரு "ங்க" வரவேண்டும். அதே இடத்தில், அத்தனை பேர் காதிலும் விழவேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் அவருக்கு வேண்டியதில்லை.

வழி வண்டி எடுத்த அன்றைக்கே கிடைத்தது. அன்றைக்கு வண்டி எடுக்க வந்த இன்னொரு குடும்பத்துக்கு நிதீஷ் பொன்னாடை போர்த்தி, கேக் வெட்டச் சொல்லி, ஆளுயர அட்டைச் சாவியைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டான். மாசாணியம்மாளின் முறை வந்தபோது, "பிரீத்திகா, சாவியக் குடுத்து அனுப்பிரு" என்று சொல்லிவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டான். பிரீத்திகாவுக்கு முகம் சுண்டிப்போனது. தானே வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, தன் போனில் போட்டோ எடுத்தாள். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள்.

"அம்மா, மூணு நாள்ல கம்பெனியில இருந்து போன் வருமுங்க. ஒவ்வொரு கேள்வியாக் கேட்டு பத்துக்கு எத்தனைன்னு கேப்பாங்க. பத்துன்னு சொல்லிப்போடுங்கம்மா. ஒம்பதுன்னு சொன்னாக்கூட அங்க சைபர்னுதான் ஏறுமுங்க."

"ஒம்பது சைபரா? இதென்ன அநியாயம்! யாருக்கு அம்மணி அந்தச் சைபர்?"

"என்னைப் பத்தித் தனியா ஒரு கேள்வி, மேனேஜரைப் பத்தித் தனியா ஒரு கேள்வி வருமுங்க. சாருக்கு ஏற்கெனவே ரெண்டு பேரு கொறச்சுச் சொல்லிட்டாங்க. இன்னொண்ணு வந்துதுன்னா சத்தியமங்கலத்துல தொறக்கற புது ஷோரூம் அவருக்குக் கெடைக்காதுங்க. ரெண்டு வருசமா அதுக்குத்தான் அலையறாரு."

மாசாணியம்மாள் வண்டியை உதைத்துக் கிளப்பினார். அன்றைக்கு வீட்டுக்கு நேராகப் போகவில்லை. பேரூர் வரைக்கும் சும்மா ஒரு நடை போய்விட்டு வந்தார். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

சொன்னபடி மூன்றாம் நாள் போன் வந்தது. "நான் வேலையில இருக்கறனுங்க அம்மணி, நாளைக்குக் கூப்புடுங்க" என்று வைத்துவிட்டார். நாலாம் நாளும் அதேதான். ஐந்தாம் நாள் ஷோரூமிலிருந்து பிரீத்திகா கூப்பிட்டாள். லிஸ்டில் உங்கள் பேர் மட்டும் சிவப்பில் நிற்கிறது என்றாள். ஆறாம் நாள் மேனேஜரே கூப்பிட்டான்.

"மாசாணி, கம்பெனியில இருந்து கூப்புட்டா எடுத்துப் பத்துன்னு சொல்லு. என்ன?"

"ஏனுங்க, யாருங்க பேசறது?"

"நான்தான். நிதீஷ்."

"எந்த நிதீஷுங்க? எங்க பக்கம் நாலு நிதீஷ் இருக்கறாங்க. ஒருத்தன் ஒண்ணாப்புப் படிக்கறான்."

"பெரிய தோட்டம். ஷோரூம் மேனேஜர்."

"அட, நீங்களாங்க! கொரலு புடிபடலீங்க. தக்காளிக்குள்ள நிக்கறனுங்க, சிக்னலே இல்லீங்க." வைத்துவிட்டார். பக்கத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

மறுநாள் அவன் "மாசாணியக்கா" என்றான். மாசாணியம்மாள் அதற்கும் மசியவில்லை, வீட்டில் ஒறம்பரை, விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்றார். அதற்கு அடுத்த நாள் பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், அவர் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது வந்தது அந்த அழைப்பு. தொண்டையில் மீன்முள் சிக்கினவன் மாதிரி முனகினான். "ஏனுங்க மாசாணியம்மா... அந்தப் போனை எடுத்துக் கொஞ்சம் பாத்துச் சொல்லிப்போடுங்க."

புளிக் கையோடு அப்படியே நின்றார் மாசாணியம்மாள். வந்துவிட்டது. இருபத்தெட்டு வருசத்தில் முதல் முறை. "பாக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னார்.

"அதான் கெடச்சிருச்சல்லம்மா. பத்துன்னு சொல்லிட்டு உட்டுரு" என்றாள் மௌனிகா.

"போன்ல சொன்னது ஆருக்குக் கேட்டுச்சு? எந்திரின்னு சொன்னப்ப ஊரே பாத்துச்சல்லோ?"

மறுநாள் கம்பெனிப் பெண் கூப்பிட்டபோது அவரே நாள் குறித்துக் கொடுத்தார். "சனிக்கெழமை காத்தால பதினோரு மணிக்குக் கூப்புடுங்க அம்மணி. கட்டாயம் எடுக்கறனுங்க." சனிக்கிழமை வண்டிக்கு முதல் சர்வீஸ். தோட்டம் தோட்டமாக ஓடி அதற்குள் ஐந்நூறு கிலோமீட்டர் ஆகியிருந்தது.

சனிக்கிழமை ஷோரூம் நிறைந்து கிடந்தது. வண்டியைச் சர்வீசுக்கு விட்டுவிட்டு, நல்ல மாம்பழ நிறப் புடவையில், நடுக்கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார் மாசாணியம்மாள். நிதீஷ் பார்த்துவிட்டான். சிவப்பில் நிற்கிற பேர் அல்லவா, உள்ளிருந்து ஓடியே வந்தான்.

"வாங்கம்மா. வாங்க. உக்காருங்க, உக்காருங்க. காப்பி சாப்புடறீங்களா?" தானே காப்பி எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினான். "சூடு பத்துதுங்களா பாருங்க."

மாசாணியம்மாள் ஒவ்வொரு "ங்க"வையும் மென்று விழுங்கினார். வயிறு குளிர்ந்தது. பொய் எதற்கு, அந்தக் காப்பி மாதிரி ஒரு காப்பியை அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. மெதுவாக, அடிச் சர்க்கரை வரைக்கும் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கு இந்தச் சேரு கஸ்டமருக்குன்னு சொன்னீங்களே தம்பி, நான் ஆருங்க?"

பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பினார்கள். நிதீஷ் குரலைத் தாழ்த்தினான். "அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்கம்மா. சின்னதுல இருந்து வந்த பழக்கமுங்க."

"எனக்கும் பழக்கந்தானுங்க. அதனாலதான் எந்திரிச்சுப்போட்டேன்."

அதற்குள் போன் அடித்தது. பதினோரு மணி. மாசாணியம்மாள் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். "வணக்கம் மேடம். இந்த அழைப்பு தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று தொடங்கினாள் அந்தப் பெண். கூடம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தீட்டிக்கொண்டது. பிரீத்திகா தூணோரம் வந்து நின்றாள்.

"வண்டி உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா மேடம்? பத்துக்கு எத்தனை?"

"பத்துங்க. அது தங்கமுங்க."

"விற்பனைப் பிரதிநிதி பிரீத்திகா உங்களிடம் நடந்துகொண்ட விதத்துக்கு?"

"பத்துக்கு மேல இல்லீங்களா அம்மணி? இல்லாட்டிப் பத்தே போட்டுக்கங்க."

"ஷோரூம் மேலாளர் உங்களை மரியாதையாக நடத்தினாரா? பத்துக்கு எத்தனை மேடம்?"

மாசாணியம்மாள் நிமிர்ந்து பார்த்தார். நிதீஷ் அவருக்கு முன்னால் நின்று பத்து விரலையும் விரித்துக் காட்டினான். பிறகு அந்தப் பத்தையும் சேர்த்துக் கும்பிட்டான். நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது. இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை அல்லவா? ஒரு நொடி பத்தென்றே நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் இந்தக் கும்பிடு தனக்கு இல்லை, சத்தியமங்கலத்துக்கு என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"ஒம்பதுங்க" என்றார்.

வெளியாளுக்கு ஒன்பது நல்ல மார்க். கூடத்தில் இரண்டொருவர் பரவாயில்லையே என்று தலையாட்டவும் செய்தார்கள். நிதீஷுக்கு மட்டும் முகத்தில் ரத்தம் ஏறியது. இரண்டு வருச அலைச்சல் கண் முன்னால் போயிற்று. மேசைமேல் போன் இருப்பதையும் மறந்தான், சுற்றி ஆள் இருப்பதையும் மறந்தான்.

"ஏய் மாசாணி! என்னடி நெனச்சுட்டிருக்கற? எங்க தோட்டத்துல கஞ்சி குடிச்ச கழுதை, எனக்கு நீ மார்க்குப் போடறயா? எந்திரிடி மொதல்ல!"

காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருத்தர் டம்ளரை வாயிலிருந்து எடுக்க மறந்து அப்படியே இருந்தார். மாசாணியம்மாளின் கால் பழைய பழக்கத்தில் எழப் பார்த்தது. கைப்பிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். சொன்னது என்ன என்று அப்போதுதான் உறைத்து, நிதீஷ் போனைப் பார்த்தான். எடுத்து அணைக்கக் கையை நீட்டினான். அதற்கு முன்னால் மாசாணியம்மாள் அதை எடுத்துக்கொண்டார்.

"ஹலோ மேடம்?" என்றது போன். அந்தப் பெண்ணின் குரலில் பழைய பாடம் ஒப்பிக்கிற தொனி இல்லை. "மேடம், இருக்கிறீர்களா? இப்போது பேசியது யார்?"

"இருக்கறனுங்க அம்மணி. நீங்க கேட்டீங்கல்லோ, அந்த மேனேஜருதானுங்க பேசுனாரு" என்றார் மாசாணியம்மாள். "நான் போட்ட ஒம்பதை அழிச்சுப்போட்டு, நீங்களே பாத்து ஒரு மார்க்குப் போட்டுக்கங்க."